கன்பராவில் வளரும் பிள்ளை

அவுஸ்திரேலிய அரசாங்கத்துக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. கன்பராவில், கோப்பு ஒன்றுக்குள் வளர்கிறது. அழாது, சிரிக்காது, பால் கக்காது. செலவு மட்டும் வைக்கும். நாட்டில் எத்தனை வகைச் சிகிச்சை உண்டோ அத்தனையும் அதற்கு வேண்டும். போதும் என்று ஒருநாளும் சொல்லாது. சட்டக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கற்பனை ஆள்’.

பகிடியல்ல. குடிவரவு விதிகளில் 4005 என்று ஒரு நிபந்தனை உண்டு. நிரந்தர விசா கேட்பவருக்கு ஒரு நோயோ உடற்குறையோ இருந்தால், அதே குறை அதே அளவில் உள்ள ஓர் ஆளுக்கு என்ன செலவாகும் என்று கொமன்வெல்த் மருத்துவ அதிகாரி கணக்குப் போடுவார். விண்ணப்பித்தவர் அந்தச் சேவைகளை உண்மையில் பயன்படுத்துவாரா இல்லையா என்பது பொருட்டே அல்ல என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பப்பா ஊரில் தென்னங்காணி விற்று முழுச் செலவையும் முன்கூட்டியே வங்கியில் போட்டாலும் கணக்கு அசையாது. நிரந்தரக் குறை என்றால் பத்து வருடம் வரை கணக்கு ஓடும். 2024 யூலை 1 முதல் வரம்பு 86,000 டொலர். அதற்கு முன் 51,000. தாண்டினால் பிள்ளை பெயில். பிள்ளை பெயில் என்றால் தாயும் தகப்பனும் பெயில். அதிகாரி எழுதியதை அமைச்சர்கூடச் சரியென்று ஏற்றே ஆகவேண்டும்.

அரசாங்கம் கற்பனை ஆள் வைத்திருக்கலாம் என்றால் நானும் வைத்திருக்கலாம். என்னுடைய கற்பனைக் குடும்பத்தைப் பரமட்டாவில், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு இரண்டு அறை வீட்டில் குடிவைக்கிறேன். தகப்பன் மென்பொருள்காரன். தாய் முதியோர் இல்லத்தில் தாதி. வேலை விசாவில் வந்து, வயதுக்கு 30, ஆங்கிலத்துக்கு 20, தாய்மொழியை மொழிபெயர்த்துக் காட்டியதற்கு 5 என்று, சின்ன வயதில் முத்திரை சேர்த்ததுபோலப் புள்ளி சேர்த்தவர்கள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவதுதானே வழக்கம்? அவள் யாழ்ப்பாணம் போய்ப் பெற்றாள். மூன்று மாதப் பெடியனோடு திரும்பி வந்தாள். ஐந்தாம் மாதமும் பெடியனுக்குக் கழுத்து நிற்கவில்லை.

பிறகு வெஸ்ட்மீட் சிறுவர் வைத்தியசாலையே இரண்டாம் வீடு. சோறு தீத்த நாள் பார்த்து வைத்திருந்த வாரத்தில்தான், விழுங்குவது சுவாசப்பைக்குள் போகிறது என்று மூக்கால் குழாய் இறக்கினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கடிகாரத்துக்கு மூன்று மணித்தியாலம் என்ற ஒரே அளவுதான். ஒவ்வொரு முறையும் குழாயிலிருந்து ஒரு சொட்டு உறிஞ்சி நிறத்தாளில் விட வேண்டும். 5க்கு மேல் காட்டினால் பால் விடக்கூடாது, குழாயின் நுனி வயிற்றில் இல்லாமல் இருக்கலாம். அதிகாலை இரண்டு மணிக்கு, கைபேசி வெளிச்சத்தில், அந்த மஞ்சள் நாலரையா ஐந்தரையா என்று புருசனும் பெண்சாதியும் சண்டை பிடிப்பார்கள். சளி உறிஞ்சும் மெசினின் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார்.

விடிந்ததும் அவள் வேலைக்குப் போகிறாள். அங்கே யாரோ ஒரு வெள்ளைக்கார அப்பம்மாவுக்கு அதே மாதிரிக் குழாயால் உணவு விடுகிறாள். அதற்குப் பெயர் ‘நாட்டில் தட்டுப்பாடான திறமை’. பின்னேரம் வீட்டுக்கு வந்து அதையே மகனுக்குச் செய்கிறாள். அதற்குப் பெயர் ‘பொதுமக்கள் தலையில் சுமை’.

பக்கத்துக் கட்டிலில் அதே வருத்தத்தோடு இன்னொரு பிள்ளை என்று வைப்போம். அதன் தாய்தகப்பனும் வேலை விசாதான். பிறந்தது மட்டும் இங்கே. இங்கே பிறந்து இங்கேயே வாழும் பிள்ளைகளைப் பெரும்பாலான விசாக்களில் இந்தச் சல்லடையிலிருந்து விடுவிக்கப்போவதாக 2024இல் அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் ஒரே வருத்தம், ஒரே வார்டு, ஒரே மருந்து: ஒன்று பிள்ளை, மற்றது செலவு. என் கற்பனைத் தாய் செய்த குற்றம், பெற்ற வயிற்றோடு தன் அம்மா கையால் சரக்குக்கறி சாப்பிட ஆசைப்பட்டது. அந்தச் சரக்குக்கறிக்கு உலகத்தில் யாரும் இந்த விலை கொடுத்திருக்க மாட்டார்கள்.

பாகுபாடு என்று கத்தலாமா? கத்தலாம். உடற்குறை உள்ளவர்களைப் பாகுபடுத்துவது இந்த நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டவிரோதம். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவைப் புரட்டுங்கள்: குடிவரவுச் சட்டம் செய்தால் அது சட்டவிரோதம் இல்லை. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையையும் 2008இல் ஏற்றுக்கொண்டார்கள். கூடவே, வெளிநாட்டாருக்கான எங்கள் சுகாதார நிபந்தனையை இது தொடாது என்று ஒரு பிரகடனம். மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டு, சமைக்கிற நாள்களில் மட்டும் நான் புருசன் என்று சொன்னதுபோல.

ஆகக் கடைசி வாசல் அமைச்சர். ஆனால் அவரை நேரே கும்பிட முடியாது. முதலில் நிராகரிக்கப்பட வேண்டும். பிறகு தீர்ப்பாயத்தில் தோற்க வேண்டும். முறைப்படி தோற்றவனுக்குத்தான் சந்நிதி திறக்கும். மேஸ் ஹில் முருகனுக்கு ஒரு தேங்காயும் நாலு வாழைப்பழமும் போதும். கன்பராத் தெய்வத்துக்குத் தொலைக்காட்சிக் கமெரா வேண்டும், ஆயிரக்கணக்கில் கையெழுத்து வேண்டும், ஊர்ப் பள்ளிக்கூட அதிபரின் கடிதம் வேண்டும், பிள்ளை கமெராவைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும். 2008இல் ஹோர்ஷம் என்ற சிற்றூரில் ஜேர்மன் வைத்தியர் ஒருவரின் குடும்பம், மகனுக்கு டவுன் சின்ட்ரோம் என்பதால் மறுக்கப்பட்டது. வைத்தியர் கிடைக்காத ஊர் கொதித்தது, அமைச்சர் அருள் புரிந்தார். 2023இல் பேர்த்தில் ஒரு கேரளக் குடும்பம். அதே வருத்தம், அதே கொதிப்பு, அதே அருள். செய்தியாகாத பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று செய்தியில் தேடாதீர்கள்.

பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்த ஷாராஸ் கயானியின் மகளுக்கு மூளை முடக்குவாதம். அவளை இங்கே எடுக்க வருடக்கணக்காக விண்ணப்பித்தார். செலவு கூட என்றார்கள். 2001 ஏப்ரலில் கன்பரா நாடாளுமன்றத்துக்கு முன்னால் தன்மேல் பெற்றோல் ஊற்றி நெருப்பு வைத்தார். வாரக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்து செத்தார். அவருக்கு அந்த வாரங்களில் ஆன வைத்தியச் செலவை எந்த அதிகாரி எந்தப் பத்தியில் எழுதினார் என்று கேட்க ஆசை.

செலவைப் பற்றிப் பேசுகிறோம்தானே, எங்கள் பிலோயலாப் பிள்ளையை விடலாமா? 2018 மார்ச் 5, விடியும் நேரம். குவீன்ஸ்லாந்தின் பிலோயலா என்ற ஊரில், தஞ்சம் கேட்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதவைக் குடிவரவு அதிகாரிகள் தட்டினார்கள். சின்னவளுக்கு ஒன்பது மாதம். முதலாம் பிறந்தநாள் மெல்பேர்ண் தடுப்பு முகாமில். பால்பற்கள் சொத்தை பிடித்துச் சத்திரசிகிச்சை செய்யும் அளவுக்குப் போனது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. 2021 யூனில் நிமோனியாவும் இரத்தத்தில் கிருமியுமாய் அவளைப் பேர்த்துக்கு விமானத்தில் தூக்கிப் போனார்கள். நாலாவது பிறந்தநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அந்த ஒரு குடும்பத்தைத் தீவில் வைத்துக் காத்த செலவு 60 இலட்சம் டொலரைத் தாண்டியது என்று பத்திரிகைகள் எழுதின. நோயாளிப் பிள்ளையைச் சுகமாக்க 86,000 அதிகம். சுகமான பிள்ளையை நோயாளியாக்க 60 இலட்சம் கட்டுபடியாகும். இந்தக் கணக்கில் கற்பனை ஆள் தேவைப்படவில்லை, அசல் ஆளே கிடைத்தது. ஊர்ச்சனம் விடாமல் நின்றதால்தான் 2022இல் அவர்கள் பிலோயலாவுக்குத் திரும்பினார்கள். அந்தச் சனத்தில் பெரும்பாலானவர் தமிழரில்லை.

எங்கட சனத்துக்கு வருவோம். பரமட்டாவில் அவர்களுக்குக் குறைவில்லை. என் கற்பனைக் குடும்பத்தைப் பார்க்க ஒரு மாமியை அனுப்புகிறேன். கையில் பலகாரப் பெட்டி. குழாயைக் கண்டதும் முகத்தைத் திருப்பி, “ஆரின்ர கண் பட்டுதோ” என்கிறார். அடுத்தது, “போன பிறப்பில...” தேநீர் குடித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, “தம்பி, குறை நினையாதையும். பிள்ளையை ஊரில அம்மாவோட விட்டிட்டு நீங்கள் ரெண்டு பேரும் பீ.ஆர். எடுங்கோ. பிறகு பாப்பம்.” மாமிக்குத் தெரியாதது என்னவென்றால், பெரும்பாலான நிரந்தர விசாக்களில் உடன் வராத பிள்ளையும் சோதனையில் தேற வேண்டும். ஊரில் ஒளித்து வைத்தாலும் கோப்புக்குள் வந்துவிடும். பிள்ளையைக் கைவிடும் வழியைக்கூட அரசாங்கம் அடைத்து வைத்திருக்கிறது. இதை மனிதாபிமானம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மாமா இன்னும் விசேடம். எண்பதுகளில் எல்லாவற்றையும் இழந்து இங்கே இறங்கியவர், அரசாங்கம் தந்த முதல் காசில் குளிர்ச்சட்டை வாங்கியவர். இப்போது சோபாவில் சாய்ந்து, “எல்லாரையும் எடுத்தால் வரிப்பணம் என்னத்துக்குக் காணும்?” என்கிறார். அந்தச் சோபாவின் சொந்தக்காரன் மாதாமாதம் வரி கட்டுகிறான். நிரந்தர விசா இல்லாததால் அவனுடைய மகனுக்கு, உடற்குறை உள்ளவர்களுக்கான என்.டி.ஐ.எஸ். திட்டத்தில் ஒரு சதம் கிடையாது. மாமா நேற்றுத்தான் அதே திட்டத்தில் தன் பேரனுக்குப் பேச்சுப் பயிற்சி எடுத்துக் கொடுத்தார். அதுவும் நல்ல காரியம். பேரன் நல்லாய்க் கதைக்கட்டும், மாமா கொஞ்சம் கதைக்காமல் இருக்கட்டும்.

பதினோராம் மாதம் பெடியனுக்குப் பல் முளைத்தது. விழுங்கத் தெரியாத வாய்க்கு ஏன் பல் என்று மாமி கேட்கவில்லை, அவரைக் கூப்பிடவில்லை. பல்லுக்கொழுக்கட்டை அவித்தார்கள். சாய்வு நாற்காலியில் பட்டி போட்டு இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டை கொட்டினார்கள். முன்னால் தட்டத்தில் புத்தகம், பேனை, காப்பு. அவன் எதைத் தொடுகிறானோ அதுவாக வருவான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை மெல்ல எழும்பியது. முதல் தடவையாக அவ்வளவு உயரம் எழும்பியது. தட்டத்தைத் தாண்டிப் போய், மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிடித்து ஒரே இழுவை. குழாய் முழுக்க வெளியே வந்துவிட்டது.

தாய் சிரித்துக்கொண்டே கையுறையைத் தேடினாள். தகப்பன் புதுக் குழாயின் உறையைப் பல்லால் கிழித்தான். அடுத்த பாலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.