ஸ்கெலட்டருக்கு ஏ.சி. ரூம்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் கூரியர் பைக்கின் சத்தம் கேட்டதும், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வீட்டில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் வாசலுக்கு ஓடுகிற நடுவயசு ஆண் யாரையாவது பார்த்தால் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஐந்தரை அங்குல பிளாஸ்டிக் ஆசாமி. உடம்பெல்லாம் தசை, இடுப்பில் ரோம ஜட்டி, கையில் வாள். பெயர் ஹீ-மேன்.

வாங்கியவருக்கு வயசு ஐம்பதை ஒட்டி இருக்கும். பேங்கிலோ பெல்லிலோ நல்ல உத்தியோகம். நெற்றியில் திருமண் கோடு பிசகாமல் இருக்கும். ஆபீசில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஃபைல் நகராது. அப்பேர்ப்பட்டவர் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏன்னா, யாரு வந்தா?"

"யாருமில்லே. கரண்ட் பில்."

கரண்ட் பில் கூரியரில் வராது என்பது மாமிக்குத் தெரியும். அது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் என்பதும் தெரியும். இந்த வாரத்தில் இது மூன்றாவது பில்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு தலைமுறை எதற்கும் ராஜகோபுரத்தை வைத்துத்தான் தேதி சொல்லும். கோபுரம் மொட்டையாக நின்றபோது கல்யாணம், கும்பாபிஷேகத்துக்கு அடுத்த வருஷம் பிள்ளை, இப்படி. பதின்மூன்று நிலை, 236 அடி, 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் என்பதெல்லாம் நம்மவருக்கும் மனப்பாடம்தான். ஆனாலும் 1987 என்றால் அவர் மனசில் முதலில் எழுந்து நிற்பது வேறு. எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் கைகோத்து ஃபன்ஸ்கூல் ஆரம்பித்த வருஷம் அது. கோவாவில் தொழிற்சாலை போட்டு ஜி.ஐ. ஜோ சிப்பாய்களை வார்த்துத் தள்ளினார்கள். இன்னொரு பக்கம் லியோ கம்பெனி மேட்டலின் ஹீ-மேன் பொம்மைகளை இந்தியாவிலேயே செய்து விற்றது. போதாததற்குத் தூர்தர்ஷனில் ஹீ-மேன் கார்ட்டூன் வேறு.

மேட்டல் அமெரிக்காவில் முதலில் பொம்மையைத்தான் கொண்டுவந்தது, 1982-ல். கார்ட்டூன் அதற்கு அடுத்த வருஷம், பொம்மை விற்பதற்காக. நம் ஊரில் புராணம் முதலில், பொம்மை பிறகு. அங்கே பொம்மை பிறந்த பிறகு அதற்கு ஸ்தல புராணம் எழுதியிருக்கிறார்கள். இந்த விவரத்தை நம்மவர் கேட்டவர்களுக்கும் சொல்வார், தீர்த்தம் வாங்கும் வரிசையில் முன்னால் நிற்கிற பாவத்துக்காக எந்த அப்பாவிக்கும் சொல்வார்.

அவர் வீட்டில் அப்போது கறுப்பு வெள்ளை டி.வி. மொட்டை மாடியில் அண்ணன் ஆன்டெனாவைத் திருப்புவான்; கீழேயிருந்து "தெரியறது, தெரியறது, போச்சு" என்று கத்துகிற உத்தியோகம் இவருக்கு. ஹீ-மேன் ஏறி வருகிற புலி பச்சை நிறம் என்பதே, டவுனில் கடையில் பொம்மையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. புலி பச்சையாக இருக்க முடியாது என்று கடைக்காரரோடு வாதாடியிருக்கிறார், எட்டு வயசில்.

ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, மெயின்கார்டு கேட்டில் இறங்கி, தீபாவளித் துணிக்குப் போன நாள் அது. அப்பா பொம்மையின் விலையைக் கேட்டார். பிறகு பொம்மையை மேலும் கீழும் பார்த்தார்.

"இவனுக்கே கட்டிக்க வேஷ்டி இல்லே. இவனை ஆத்துக்கு அழைச்சுண்டு போய் நாம வேற கட்டிவிடணுமா? வா, உனக்கு அரை டிராயர் எடுக்கலாம்."

வைகுண்ட ஏகாதசிக் கடையில் பிளாஸ்டிக் வில் கிடைத்தது. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் வரைக்கும் இழுத்துப் போக சப்பரம் கிடைத்தது. அவற்றில் ஒன்றைக்கூட அவர் இன்று சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிடைத்த பொம்மைகளுக்கு இந்த உலகில் மரியாதை கிடையாது. அப்பா வாங்கித் தர மறுத்ததற்குத்தான் கண்ணாடி அலமாரி.

அலமாரி வந்தது, வீட்டுக் கடன் முடிந்து பிள்ளை பெங்களூர் போன பிறகு. காலியான மாடி அறைக்குள் முதலில் ஒரு ஹீ-மேன் குடியேறினான். தனியாக இருக்கிறானே என்று மேன்-அட்-ஆர்ம்ஸ் வந்தார். நல்லவர்கள் மட்டும் இருந்தால் கதை ஓடாது என்று மண்டையோட்டு முகத்தோடு ஸ்கெலட்டர் வந்தான். ஸ்கெலட்டருக்கு அடியாட்கள் வேண்டாமா? இப்போது அந்த அறையில் மனிதன் உட்கார இடமில்லை.

பொம்மை சேர்க்கிற கூட்டத்துக்கென்று தனிப் பேச்சு உண்டு. அட்டையிலிருந்து பிரிக்காத பொம்மை சீல்டு பீஸ். பிரித்து, ஏதோ குழந்தை விளையாடி, வாளைத் தொலைத்திருந்தால் லூஸ் பீஸ். சீல்டு பீஸுக்கு முன்னால் நம்மவர் குரலே இறங்கிவிடும். யோசித்துப் பாருங்கள்: எங்கேயோ ஒரு குழந்தைக்கு இதை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அது பிரிக்கவே இல்லை. ஜுரமோ, பரீட்சையோ, அடியோ. அது விளையாடாமல் போனதால்தான் இன்றைக்கு இந்த விலை. விளையாடித் தீர்த்த குழந்தையின் பொம்மையைக் கிலோ கணக்கில் கேட்கிறார்கள்.

ஃபன்ஸ்கூல் ஜோக்களில் இன்னொரு விசேஷம். அச்சு அமெரிக்க அச்சு, பெயின்ட் நம் ஊர்ப் பெயின்ட். அங்கே ஒரு நிறச் சட்டை போட்ட சிப்பாய் இங்கே சம்பந்தமே இல்லாத வேறு நிறத்தில் வந்திருப்பான். அந்த நிறத்துக்காகவே அமெரிக்கர்கள் இந்திய ஜோக்களைத் தேடி வாங்குகிறார்கள். இதை ஒரு நாள் காபி நேரத்தில் நம்மவர் பெருமையோடு விளக்கினார்.

"அப்போ, பெயின்ட்டைத் தப்பா அடிச்சா விலை ஜாஸ்தியா?" என்றாள் மாமி.

"ஆமா. அதுக்குத்தான் வேரியன்ட்னு பேரு."

"நம்மாத்துக் காம்பவுண்டு சுவரை வித்துடலாமே."

அம்மாவின் கேள்வி வேறு ரகம். "ஒரே பொம்மையை ஏண்டா அஞ்சு வாங்கி வெச்சிருக்கே?"

"ஒண்ணு இல்லேம்மா. இது பேட்டில் ஆர்மர். மார்ல அடிச்சா கவசம் நசுங்கின மாதிரி சுத்திக்கும். இது தண்டர் பஞ்ச். பெருமாளுக்கு ஒரு நாள் முத்தங்கி, ஒரு நாள் ரத்னாங்கி இல்லையா? அந்த மாதிரி."

அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "பெருமாளை இழுக்காதே. அவர் வருஷா வருஷம் இருக்கற அங்கியைத்தான் சாத்திக்கறார். அமெரிக்காவுக்கு ஆர்டர் போடலை."

திருச்சி வெயிலை மேட்டல்காரன் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். பிளாஸ்டிக்கை மெதுவாக்கச் சேர்த்த ரசாயனம் பழைய பொம்மையிலிருந்து கசியும். கை கால் எல்லாம் பிசுபிசுக்கும். அதனால் மாடி அறைக்கு ஏ.சி. வந்தது. கூடத்தில் அம்மா ஃபேனுக்கு அடியில் விசிறியும் கையுமாகப் படுத்திருக்க, மேலே ஸ்கெலட்டருக்கு இருபத்து நாலு டிகிரி.

"எலும்புக்கூட்டுக்கு என்னத்துக்குடா ஏ.சி.? அவனுக்கு வேர்க்கவா போறது?"

ஜி.ஐ. ஜோவின் தொல்லை இடுப்பில். மேல் உடம்பையும் காலையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கிற ஒரு சின்ன ரப்பர் வளையம். முப்பது வருஷத்தில் அது இற்றுப்போனால் சிப்பாய் சத்தமில்லாமல் இரண்டு துண்டாகிவிடுவான். வளையம் தேடி நம்மவர் மேலப்புலிவார்டு ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"ஓ-ரிங் எந்த மோட்டாருக்கு சார்?"

"மோட்டார் இல்லே. இடுப்புக்கு."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "தில்லை நகர்ல நல்ல எலும்பு டாக்டர் இருக்காரு சார்."

மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கை வெளுப்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, அதில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் புற ஊதாக் கதிர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். சித்திரையில் மொட்டை மாடியில் ஒரு பாய் நிறைய மாமியின் வடாம், இன்னொரு பக்கம் கண்ணாடிக் கிண்ணங்களில் கைகளும் கால்களும். காக்காய் ஓட்டும் பொறுப்பு இரண்டு தரப்புக்கும் பொது. ஒரு தடவை காக்காய் வடாமைத் தொடாமல், காய்வதற்கு எடுத்து வைத்த டீலா பொம்மையின் வலது கையைக் கவ்விக்கொண்டு தெற்கு கோபுரப் பக்கம் பறந்துவிட்டது. "வடாமைத் தூக்கிண்டு போயிருக்கப்படாதோ" என்று நம்மவர் வாய்விட்டுச் சொன்னதை மாமி கேட்டுவிட்டாள். அந்த வருஷம் அவருக்கு வடாம் கிடையாது.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பது தனி சாகசம். சிங்கப்பூர் போய்வருகிற உறவுக்காரர்கள் இவர் போன் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. திருச்சி ஏர்போர்ட்டில் தங்கம் என்னென்ன உருவமெடுத்து வந்து பிடிபட்டிருக்கிறது என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மஞ்சள் தலைமுடியோடு, அளவுக்கு மீறின கனத்தோடு ஒரு பொம்மையைக் கொண்டுவந்து, "இது என் சித்தப்பா விளையாடறதுக்கு" என்று அதிகாரியிடம் சொல்ல எந்த மாப்பிள்ளைக்குத்தான் மனசு வரும்?

இந்த வகையிலேயே பத்து வயசு இளைய கிளை ஒன்று உண்டு. சக்திமான் ஸ்டிக்கர், சிப்ஸ் பாக்கெட்டில் வந்த போக்கிமான் டாஸோ, பேபிளேடு என்று அவர்கள் புராணம் வேறு. 'நைன்டீஸ் கிட்ஸ்' என்று ஊரே சேர்ந்து பேர் வைத்துவிட்டதால் அவர்களுக்குக் கூச்சம் கிடையாது. நம்மவர் அவர்களை மதிப்பதில்லை. சிப்ஸுக்கு இலவசமாக வந்ததெல்லாம் ஒரு சேகரிப்பா என்பது அவர் கட்சி.

நியாயமாகப் பார்த்தால், பொம்மை சேர்ப்பதற்கு இந்த ஊரில் யாருமே கூச்சப்பட வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் பல வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டி நிறையப் பொம்மைதான். ஒன்பது நாள் வெளியே வரும், மீதி நாளெல்லாம் பழைய பேப்பரிலும் கிழிந்த வேட்டியிலும் சுற்றிக்கொண்டு தூங்கும். நவராத்திரிக்கு நவராத்திரி புதுசாக ஒன்றாவது வாங்கியாக வேண்டும். தசாவதார செட்டில் கூர்மம் உடைந்தால், அதே சைஸ் கூர்மத்துக்காக மாமி மலைக்கோட்டை வாசலிலிருந்து ஸ்ரீரங்கம் வரை கடை கடையாக ஏறுவாள். அதற்குப் பெயர் சம்பிரதாயம். ஹீ-மேனுக்கு வாள் தேடினால் அதற்குப் பெயர் பைத்தியம். மாமியின் பொம்மைக்குச் சுண்டல் நைவேத்தியம் உண்டு, பாட்டு உண்டு, பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு உண்டு. நம்மவர் பொம்மையைப் பார்க்க வருகிறவர் கூரியர் பையன் ஒருத்தன்தான். அவனும் அட்டைப்பெட்டியோடு சரி.

போன நவராத்திரியில் நம்மவர் வீட்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. கொலுவின் ஏழு படியில் நம்மவர் பொம்மை எதுவும் கிடையாது. கீழே பார்க்கில், கண்ணாடிக் குளத்துக்கும் முளைவிட்ட கடுகுப் புல்வெளிக்கும் பக்கத்தில், லூஸ் பீஸ் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஹீ-மேன் பச்சைப் புலிமேல் வந்து உட்கார்ந்தான். ரோம ஜட்டி வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதென்று மாமி ரவிக்கைத் துணி ஓரத்தில் ஒரு வேஷ்டி கட்டிவிட்டாள். அப்பா மறுத்த வேலை கடைசியில் மருமகள் தலையில். வந்த பாட்டிகளில் பாதிப்பேர் ஐயப்பன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நம்மவர் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மாமியோடு வந்த பையன் ஹீ-மேனைக் கையில் எடுத்தான். அந்தப் பொம்மையின் இடுப்பைத் திருகி விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் சுழன்று குத்து விடும். நம்மவர் கூடத்தின் கோடியிலிருந்து "அம்பி, அதை..." என்று எழுவதற்குள், பையன் அவனை ஆறாம் படியில் பருப்பு அரிசியோடு கடை விரித்திருந்த செட்டியாரிடம் கொண்டுபோய்த் திருகி விட்டான். செட்டியாரின் வலது கை சுண்டல் கிண்ணத்தில் விழுந்தது.

வந்தவர்கள் போகிற வரைக்கும் மாமி சிரித்த முகமாக இருந்தாள். பிறகு செட்டியாரை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தாள். நம்மவர் டார்ச்சும் லென்ஸுமாக வந்தார்.

"இது எந்த வருஷத்து பீஸ்?"

"பீஸ் இல்லே. எங்க பாட்டிக்குப் பொறந்தாத்துல கொடுத்தது."

அவர் செட்டியாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பண்ருட்டி வேலை. ஒரிஜினல் பெயின்ட். இந்த மூஞ்சி இப்போ யாரும் பண்றதில்லே, தெரியுமா? இதைப் போய் வெறும் பேப்பர்ல சுத்திப் பரண்ல போட்டு வெச்சிருக்கியே. அந்த வெக்கை என்னத்துக்கு ஆகும்?"

ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் மாடியில் விளக்கு எரிந்தது. காலையில் செட்டியாருக்குக் கை இருந்தது. ஒட்டு எங்கே என்று மாமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. விஜயதசமி முடிந்ததும் அவள் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லவில்லை. செட்டியாரையும் அவர் சம்சாரத்தையும், கூடவே மரப்பாச்சி ஜோடியையும் எடுத்துக்கொண்டு போய், கேட்காமல், ஸ்கெலட்டரின் அடியாட்களைத் தள்ளி இடம் பண்ணி வைத்தாள்.

அன்றைக்கு ராத்திரியே அம்மா பாய் தலகாணியோடு மெதுவாக மாடி ஏறி வந்தாள்.

"மண் பொம்மைக்கே ஏ.சி.ன்னா, எனக்கென்னடா கொறைச்சல்? அந்த மண்டையோட்டுக்காரனை மட்டும் செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சுடு."