எழுதற கரிதானேன்னு போன பையனுக்கு

வா அப்புனு. மூஞ்சியெல்லாம் மை அப்பியிருக்குதே, கிராபைட்டை நீ கடைஞ்சியா, அது உன்னையக் கடைஞ்சுதா?

"காயிதத்துல தேச்சா எழுதுதுங்க மாமா, இதுக்கென்ன பெரிய டூலு"ன்னு போன வாரம் சொன்னது நீதான். புழுதி படிஞ்ச சோளத்தட்டை அறுத்திருக்கியா? தட்டை மெத்துன்னுதான் இருக்கும். அரிவாள் வாய் மழுங்கிப் போயிருக்கும். இரும்புன்னா சுருள் சுருளாச் சீவல் வரும். கிராபைட்டு கருப்பட்டியாட்டம் நொறுங்கும். அந்தப் பொடி அத்தனையும் டூல் முனையை உரசிக்கிட்டுத்தான் வெளிய போகும். கார்பைடுங்கறது டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட்டுச் சாந்து வெச்சு நிறுத்தின கல்லுச்சுவரு. பொடி முதல்ல சாந்தை அரிக்கும், அப்புறம் கல்லு தானா உதிரும்.

கூலண்ட்டு வேற ஊத்தினியாமா? ரொம்ப நல்ல காரியம்! பொடியும் தண்ணியும் குழைஞ்சு சாணைச்சாந்து ஆச்சு. டூலுக்குப் பாதி, மெஷின் ஸ்லைடுக்குப் பாதி. தண்ணியில்லாம வெட்டி, தூசியை உறிஞ்சி எடுக்கோணும். அது கரண்ட்டுக் கடத்தற தூசி. பேனலுக்குள்ள போச்சுன்னா உங்க முதலாளிக்கு அன்னிக்கே தீவாளி.

டூல் பாவம்னு ஃபீடைக் குறைச்சே பாரு, அங்கதான் சிரிச்சுப்போட்டேன். வெட்டாம தேச்சுக்கிட்டே நின்னா இன்னும் சீக்கிரம் மொட்டையாகும். நேத்து நீ ஓட்டின எலக்ட்ரோடு ரிப்பை மைக்ரோமீட்டர்ல பார்த்தேன்: மேல 1.00 மில்லி, அடியில 1.06. டூல் முனை தேஞ்சு விட்டுவெச்ச சதை அது. அந்த எலக்ட்ரோடையே, பொறியால டையை அரிக்கற ஈடிஎம்ல மாட்டினா டையும் அந்த அளவுக்கு அகலும். டையில போன சதையை ஒட்டவெக்க எந்த மாமனாலயும் ஆகாது.

வைரப்பூச்சு டூல் விலையைக் கேட்டா நெஞ்சைப் பிடிக்கறே. பூச்சு என்னமோ மயிரை எட்டாக் கிழிச்ச பருமன்தான். ஆனா கிராபைட்டுல வெறும் கார்பைடைவிடப் பத்து மடங்கு உழைக்கறது சாதாரணம். ஒரு டூலுக்கு எத்தனை எலக்ட்ரோடுன்னு எண்ணி நோட்டுல எழுது. கணக்கு உனக்கே புரியும். உங்க முதலாளிக்குப் புரிய ஒரு மாசம் ஆகும், விடு.

வாங்கினப்புறம் ஒண்ணு மட்டும் பண்ணிராதே. இன்னும் உசுரு மிச்சம் இருக்குதேன்னு அதே டூலை ஸ்டீல்ல விட்டுராதே. வைரமும் கரிதான் அப்புனு. சூடேறினா இரும்பு அதைத் தனக்குள்ள கரைச்சுக்கும்.