பதினொரு குஞ்சும் ஒரு குழவிக்கல்லும்

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பென்ஷன் வரத் தொடங்கியதும் நாட்டுக்கோழி ஆசையும் வந்தது. 13 முட்டைகளை அடைவைத்து, 21 நாளும் காலண்டரில் கட்டம் போட்டுக் காத்திருந்தார். 11 பொரிந்தன. "84.6 சதவீதம்!" என்று மனைவியிடம் அறிவித்தார்.

அந்தச் சதவீதம் மூன்று நாள்தான் நின்றது.

முதலில் வந்தது வல்லூறு. வேப்பமரத்திலிருந்து சரிந்து இறங்கி, ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வாத்தியாருக்குக் கோபமெல்லாம் சேவல்மேல்தான். கூரைமேல் நின்றுகொண்டு வாயே திறக்கவில்லையே!

சேவல் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. பறவையொலி ஆய்வாளர் பீட்டர் மார்லரும் அவருடைய கூட்டாளிகளும் 1980களில் சேவல்களின் தலைக்குமேல் பருந்து உருவத்தை ஓடவிட்டுச் சோதித்தார்கள். பக்கத்தில் பெட்டை இருந்தால் சேவல் அபாயக்குரல் கொடுத்தது. தனியாக இருந்தபோது பெரும்பாலும் கம்மென்று இருந்துவிட்டது. வானத்திலிருந்து ஆபத்து என்றால் மெல்லிய நீண்ட கத்தல், தரையில் வந்தால் விட்டுவிட்டுக் கொக்கரிப்பு என்று தனித்தனிச் சொல்லே வைத்திருக்கும் பறவை அது. சொல்வதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அன்று பெட்டைகள் எல்லாம் பக்கத்து வீட்டுக் குப்பைமேட்டில் இருந்தன.

பழைய மீன்வலை வாங்கிக் கொல்லைக்குமேல் கட்டினார். அதே சமயம் வேம்பில் கரிச்சான் கூடு கட்டியது. தன்னைப்போல் பல மடங்கு பெரிய பருந்தையும் கொத்தி விரட்டுகிற குருவி அது. கூலி கேட்காத காவல்காரன். குஞ்சுகள் பறந்ததும் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டது.

அடுத்து கீரி. அது பகல் வேட்டைக்காரன். வாத்தியார் உண்ட மயக்கத்தில் கண்ணயரும் இரண்டு மணியை எப்படியோ தெரிந்துவைத்திருந்தது. கொல்லையைச் சுற்றிக் கட்டியிருந்த கோழிவலைக்கு அடியில் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்து, இரண்டு குஞ்சுகளை முடித்தது. பக்கத்து வீட்டு அப்பத்தா எட்டிப்பார்த்து, "கோழிவலை கோழிக்குத்தான் வேலி தம்பி. கீரிக்கு அது வாசப்படி" என்றார். பொறி வைக்கலாம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நின்றது. சட்டம் கீரியின் கட்சி.

ஒரு நாள் சாரைப்பாம்பு. வலைக்கண் வழியாக வழுக்கி உள்ளே போய், அடுத்த அடைக்கு வைத்திருந்த முட்டைகளில் இரண்டை விழுங்கியது. திரும்பும்போது வயிறு வலையில் மாட்டிக்கொண்டது. போன வழியில் ஏன் வரமுடியவில்லை என்று கணக்கு வாத்தியாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தீயணைப்புத் துறையினர் வந்து வலையை வெட்டிப் பாம்பைக் காப்பாற்றிக்கொண்டு போனார்கள். வலை போனது.

பிறகு அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ் வாங்கி, ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிக் கட்டினார். உருப்படியான வேலை என்றால் அது ஒன்றுதான். கீரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் இரவில் வரும் மரநாய்க்குக் கம்பியை வெட்டவோ மண்ணைத் தோண்டவோ வேண்டியிருக்கவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போட வாத்தியார் மறந்திருந்தார். இன்னும் ஒன்று குறைந்தது.

ஓராண்டு முடிவில் மனைவி கணக்குக் கேட்டார். செலவு 9,200 ரூபாய். சாப்பிட்ட முட்டை 92. முட்டை ஒன்று 100 ரூபாய் என்று வாத்தியார் மனக்கணக்காகச் சொன்னார்; சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

இப்போது அப்பத்தா சொன்னபடி நடக்கிறது. இருட்டினால் கோழிக்குக் கண் மங்கும் என்பதால் பொழுது சாயும் முன்பே தாயையும் குஞ்சுகளையும் கூண்டுக்குள் விட்டு, மேலே மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைக்கிறார்கள். மூன்று மாதமாக ஒரு குஞ்சும் குறையவில்லை. அந்த வீட்டில் துவையல் மட்டும் மிக்சியில் அரைபடுகிறது.