இடுப்பளவுத் தண்ணீரில் எத்தனை மீன்?

எங்கள் குளம் இடுப்பளவுதான். முப்பது குடும்பம் தூண்டில் போடுகிறோம். விரலளவு திலாப்பியாதான் சிக்குகிறது. இன்னும் ஆயிரம் குஞ்சு விட்டால் சரியாகுமா? (கம்பளை வாசகர்)

சரியாகாது. உங்கள் குளத்தில் மீன் குறையவில்லை, மிஞ்சிவிட்டது. 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா ஆண்டுக்குப் பல தடவை முட்டையிடும். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். இடமும் இரையும் கூடாமல் வாய்கள் மட்டும் கூடினால் எல்லாமே விரலளவில் நின்றுவிடும். சின்னதை இரக்கப்பட்டுத் திரும்ப விடாதீர்கள். பிடித்துப் பொரியுங்கள். சில விரால் விடுங்கள். மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும்.

குளம் முழுவதையும் தோண்ட வேண்டுமா? (உலப்பனை வாசகர்)

வேண்டாம். நாலில் ஒரு பங்கை மூன்றடி இறக்கினால் போதும். வெயிலிலும் வறட்சியிலும் மீன் ஒதுங்க அந்தக் குழி உதவும். 80 பேர்ச் குளத்தில் அதற்கு ஏறக்குறைய 163 கியூப் மண் எடுக்க வேண்டும். பெக்கோக்காரரிடம் பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும். கரையோரம் இரண்டடி ஆழமாகவே, சரிவாக இருக்கட்டும். பிள்ளைகள் கால் வைப்பது அங்கேதான்.

டிட்வா புயல் வெள்ளத்தில் குளம் பாதி தூர்ந்துவிட்டது. அள்ளிய சேற்றை எங்கே போடுவது? (கம்பளை வாசகி)

கரையிலே குவித்தால் அடுத்த மழையில் அதே சேறு குளத்துக்கே வரும். மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுபோங்கள்; அது நல்ல உரம். அடுத்து மேலே பாருங்கள். தண்ணீர் இறங்கி வரும் வழியில் வெட்டிவேரை வரிசையாக நட்டால் மண் அங்கேயே தங்கும். குளத்துக்கு மேலே செங்குத்துச் சரிவு இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் அடிவாரத்தை வெட்டவே வெட்டாதீர்கள். 2025 நவம்பரில் அந்தப் புயல் கொண்டுவந்த மண்சரிவுகளை மறக்கும் உரிமை நமக்கில்லை.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நோயா? (நாவலப்பிட்டி வாசகர்)

மூச்சுத் திணறல். பகலில் ஒட்சிசன் தரும் பாசியே இரவில் அதை எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் மிச்சம் மிகக் குறைவு. ஆழமில்லாத, சேறு நிறைந்த குளத்தில் இது இன்னும் மோசம். அன்றைக்கு இரை போடாதீர்கள். ஓடைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து உயரத்திலிருந்து விழ விடுங்கள். பழைய சோற்றையும் பாணையும் அன்பாகக் கொட்டுகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். மீன் தின்னாமல் விடுவதெல்லாம் அழுகி, அதே ஒட்சிசனைத்தான் குடிக்கும்.

சல்வீனியாவை மருந்தடித்து ஒரே நாளில் அழிக்கலாமா? (கெலிஓயா வாசகர்)

ஒரே நாளில் செடி சாகும், அடுத்த நாள் மீனும் சாகும். செத்த செடி முழுவதும் தண்ணீரிலேயே அழுகுமே! மூன்றில் ஒரு பங்காக, வாரம் விட்டு வாரம் கையால் வாரிக் கரைக்கு வெகு தூரத்தில் காயவிடுங்கள். 1939இல் நாட்டுக்குள் வந்த செடி இது. அதை அடக்க 1986இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பிடுங்கியதில் ஒரு துண்டைக்கூடப் பக்கத்து ஓடையில் போடாதீர்கள்.

தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. ஆனாலும் மீன் வளரவில்லையே? (புசல்லாவை வாசகர்)

கண்ணாடித் தண்ணீரில் மீனுக்குச் சாப்பாடு இல்லை. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண், குளத்துக்கு ஆகாது. மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவு டொலமைட் போடுங்கள். கண்டி, மாத்தளைப் பக்கம் வெட்டியெடுப்பதுதான். பிறகு முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். இளம்பச்சை நீரில் உள்ளங்கை மறைந்தால் பதம் சரி. மணிக்கட்டிலேயே மறைந்தால் பாசி அளவுக்கு மிஞ்சிவிட்டது.

எந்த மீன், எத்தனை? (பேராதனை வாசகர்)

கட்லா மேலே மேயும், ரோகு நடுவிலே, மிரிகால் அடியிலே. ஒன்றின் வயிற்றில் ஒன்று அடிக்காது. மூன்றும் தேங்கிய நீரில் தாமாகப் பெருகுவதில்லை என்பதால் நீங்கள் விட்ட எண்ணிக்கை கூடாது. வரண்ட வலயத்துப் பருவகாலக் குளங்களில் ஹெக்டயருக்கு 2,000 குஞ்சு அளவில் விடுவார்கள். 80 பேர்ச் குளத்துக்கு 400 போதும். விரால் உள்ள குளத்தில் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாகக் கேளுங்கள். 'நக்டா' என்று நாம் சொல்லும் தேசிய நீர் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் விசாரியுங்கள்.

மகாவலியில் பிடித்ததையும் வீட்டுத் தொட்டி மீனையும் குளத்தில் விட்டால் செலவில்லையே? (கம்பளை மாணவர்)

செலவை ஆறு கட்டும், தம்பி. பாறை இடுக்கில் ஓடும் நீருக்கென்றே பிறந்த ஆற்று மீன் தேங்கிய குளத்தில் வாடிவிடும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் மகாவலியில் உண்டு. அவற்றை இருக்கும் இடத்தில் விடுங்கள். தொட்டி மீனைக் குளத்தில் விட்டால் அடுத்த வெள்ளத்தில் அது ஆற்றில் இருக்கும். குளத்தின் வான் வழியில் கம்பி வலை அடியுங்கள்.

குளம் இருந்தால் டெங்கு வரும் என்கிறார்களே? (கண்டி வாசகி)

டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய சின்னப் பாத்திரங்களில். மீன் உள்ள குளத்தில் அதன் புழு பிழைக்காது. கரையில் வீசிய யோகட் கோப்பையும் சிரட்டையும் பழைய டயரும்தான் ஆபத்து. அவற்றைப் பொறுக்குங்கள்.

எல்லாம் செய்தோம். இரவில் ஒருவர் வலை போட்டு வாரிக்கொண்டு போகிறார். என்ன செய்ய? (பெயர் வேண்டாம், கம்பளை)

உண்மையான கேள்வி இதுதான். முப்பது வீட்டுக் குளத்துக்கு முப்பது காவல்காரர் இருக்க வேண்டும். விதி இல்லாததால் ஒருவரும் இல்லை. குஞ்சு விடுவதற்கு முன் கூடிப் பேசி எழுதுங்கள்: குஞ்சு விட்ட பின் ஆறு மாதம் கட்லா, ரோகு, மிரிகாலைத் தொடுவதில்லை. அதுவரை தூண்டில் மட்டும், அதுவும் திலாப்பியாவுக்கு. அறுவடை ஒரே நாளில், எல்லோர் கண்ணெதிரில். விற்ற பணத்தில் அடுத்த ஆண்டுக் குஞ்சுக்கு முதலில் ஒதுக்கீடு, பிறகு பங்கு. நாட்டின் நீர்த்தேக்கங்களிலேயே எட்டரை சென்டிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலைக்குத் தடை உண்டு. வெடியும் நஞ்சும் சட்டப்படி குற்றம். எழுதியதில் கமநல சேவை நிலையத்திலோ தோட்ட நிர்வாகத்திலோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

1990 முதல் 1994 வரை அரசு நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியபோது உற்பத்தி சரிந்தது. வெளியிலிருந்து வரும் கை ஒருநாள் நிற்கலாம். குளத்தைச் சுற்றியுள்ள கைகள் நிற்கக் கூடாது.

எங்கே தொடங்குவது? (அதே கம்பளை வாசகர்)

வரும் ஞாயிறு, ஒரு மூங்கில் கம்பும் ஒரு கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒருவர் வரட்டும். குளத்தில் இருபது இடத்தில் தண்ணீர் எத்தனை அடி, சேறு எத்தனை அடி என்று குத்திப் பார்த்து எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் அடியிலே முப்பது வீட்டுக் கையெழுத்தும் விழட்டும். அதற்குப் பிறகு குஞ்சு வாங்கப் போங்கள்.