ரோஸிக்குச் சர்க்கரை

சர்க்கரை வியாதி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. வெறும் வயிறு, சாப்பிட்ட பின், மூன்று மாதச் சராசரி, எல்லாக் கணக்கும் அத்துப்படி. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, அதற்குச் சர்க்கரை வந்த கதை. 1921-ல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்தே இன்சுலினைக் கண்டுபிடித்த கதை. இரண்டையும் கல்யாணப் பந்தியில்கூட எடுத்துவிடுவேன், பெரும்பாலும் இலையில் பாயசம் விழும் நேரத்தில்.

இவ்வளவு தெரிந்தவன் வீட்டில்தான், ஒன்பது வயசு பொமரேனியன் ரோஸி தண்ணீர்க் கிண்ணத்தை வைக்க வைக்கக் காலி செய்தாள். வெயில் என்றேன். ராத்திரியில் கூடத்திலேயே ஒன்றுக்குப் போனாள். வயசாகிறது என்றேன். தட்டை நக்கி முடித்த கையோடு சமையலறை வாசலில் போய் உட்கார்ந்தாள். ஆனாலும் தடவினால் இடுப்பெலும்பு தட்டுப்பட்டது. அதற்கு என் விளக்கம், நான் தயிர்சாதத்தைக் குறைத்ததன் பலன் என்பது. பூங்காவில் நடக்க வருகிறவர்களுக்கு, நாயை இளைக்க வைக்கும் வழியை இலவசமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பிறகு எறும்பு வந்தது. மாடிப்படிக்குக் கீழே அவள் வழக்கமாகப் போகும் மூலையில் சாரை சாரையாகப் பிள்ளையார் எறும்பு. நான் எறும்புச் சாக்பீஸ் வாங்கிவந்து, மண்டிபோட்டு, ஈரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அழிந்தபோதெல்லாம் மறுபடி போட்டேன். பாத்திரம் தேய்க்க வரும் அக்காதான் ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “ஏன் சார், உங்களுக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் சுகர் இருக்குமோ?” நாய்க்கு எங்கேம்மா சுகர் வரும் என்று சிரித்தேன். ஸ்ட்ராஸ்பர்க் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

கால்நடை மருத்துவர் காலைச் சிறுநீர் கேட்டார். பெட்டை நாய் தரையோடு தரையாகக் குந்தும். கீழே பாட்டில் நுழையாது. குழிக்கரண்டியோடு பின்னால் போனேன். கரண்டியைக் கண்டதும் பாதியில் நிறுத்திவிட்டு, இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். ஒருவழியாக அரைக் கரண்டி தேறியது. “ஏங்க, ரசக் கரண்டியைக் காணோமே” என்று மனைவி உள்ளிருந்து கேட்டது அந்த நிமிஷம்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டு ரசத்துக்குப் புதுக் கரண்டி.

“கருத்தடை பண்ணலையா?” என்பது மருத்துவரின் அடுத்த கேள்வி. ஒரு தடவையாவது குட்டி போடட்டும் என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்டோம். குட்டியும் போடவில்லை, ஆபரேஷனும் நடக்கவில்லை. பெட்டை நாய் பருவத்துக்கு வந்து போன பிறகு, சினை இல்லாவிட்டாலும், இரண்டு மாதம் போல் புரொஜெஸ்டிரோன் உடம்பில் ஓங்கியே இருக்குமாம். அது மடிச்சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைக் கிளப்பிவிடும். அந்த ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது. வயசான பெட்டைக்கு இப்படியும் சர்க்கரை வரும். சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் சிலதுக்கு நோயே விட்டுப்போவதும் உண்டு. நாங்கள் சாக்பீஸில் காலத்தைக் கழித்ததில், கடைசியில் ஆபரேஷன் செய்தும் ரோஸிக்கு இன்சுலின் ஊசியின் அளவுதான் குறைந்தது, ஊசி நிற்கவில்லை.

ஊசி போடுவதில் என் முதல் சாதனை, பிடரித் தோலைக் கூடாரமாகத் தூக்கி, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வெளியே வந்தது. மருந்து முழுக்க ரோமத்துக்கு. இரண்டாவது சாதனை கொஞ்சம் நுட்பமானது. நம்மூர்க் குப்பி மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். நான் ஆரஞ்சு மூடி வாங்கிவந்தேன், அது 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 10 என்று கோடு பார்த்து இழுத்தால் உள்ளே வருவது 4 யூனிட்தான். குறையாத சர்க்கரையைப் பார்த்து, ரோஸிக்கு இன்சுலின் ஏறவில்லை என்று மருத்துவரிடமே தீர்ப்புச் சொன்னேன். அவர் சிரிஞ்சைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் நல்லவர், சிரிக்கவில்லை. கூட நின்ற உதவியாளர்தான் அவசரமாக அடுத்த அறைக்குப் போனார். தப்பு மறுபக்கமாக நடந்திருந்தால், 100 மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்திருந்தால், இரண்டரை மடங்கு ஏறியிருக்கும். சிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

ரோஸிக்கு இப்போது காலை சாப்பாடு, ஊசி. பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி சாப்பாடு, ஊசி. நடுவில் ஒன்றும் கூடாது. நானும் கூடாதவன்தான். ஆனாலும் விடியற்காலை டீயோடு இரண்டு மேரி பிஸ்கட், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. வீடே தூங்கும் நேரம். போன மாதம் மருத்துவர் ஃபிரக்டோசமைன் என்று ஒரு சோதனை எடுத்தார். அன்றைய சர்க்கரையை மட்டும் பார்க்கும் சோதனை இல்லை அது; முந்தைய இரண்டு மூன்று வாரத்தின் யோக்கியதையைச் சொல்லிவிடும்.

“யாரோ எதையோ கொடுக்கிறாங்க சார்” என்றார், சீட்டைப் பார்த்தபடி.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். ரோஸியும் அதையே பார்த்தாள், வாலை ஆட்டிக்கொண்டு.

என் மூன்று மாதச் சராசரிக்கு நான் தயாராகும் முறை ஒன்று உண்டு. தேதி குறித்துக்கொண்டு அதற்கு முன் கொஞ்ச நாள் இனிப்பைத் தொடமாட்டேன். அன்று திரும்பும் வழியில், எங்கள் தெரு முனைப் பரிசோதனைக்கூடத்தின் முன் மனைவி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். “இறங்குங்க” என்றாள்.