வேன் பிடித்து எல்லை பார்ப்பது எப்படி?

எல்லை பார்க்க வேண்டும் என்று வீட்டில் யாருக்காவது ஆசை வந்துவிட்டால், கந்தர்வக்கோட்டையில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பது. எந்த எல்லை என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். எவ்வளவு பேசினாலும் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். அட்டாரியில் சிப்பாய்கள் நெற்றி உயரத்துக்குக் காலைத் தூக்குவதைப் பார்க்கப் போனால் பாதி லீவு ரயிலிலேயே கழிந்துவிடும். வட கொரிய எல்லைக்குப் பாஸ்போர்ட், விசா, விமானம் என்று மூன்று செலவு. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கோ 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினால் ராத்திரி வீட்டில் வந்து படுத்துவிடலாம். கட்டிய புளிசாதம் கெடுவதற்குள் ஒரு நாட்டின் விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வசதி எல்லோருக்கும் வாய்க்காது.

ஆள் சேர்ப்பதில் கவனம் தேவை. அப்பத்தா கட்டாயம் வேண்டும். ஏன் என்பது மண்டபத்தில் தெரியும். கஜா புயலில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்த சித்தப்பா ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் கைடை அடக்க ஆளிருக்காது. எதைக் காட்டினாலும் “எங்கே, எங்கே?” என்று கேட்கிற பையன் ஒருவன். நான்காவது ஆளை நீங்கள் தேட வேண்டியதில்லை, அவரே வந்து முன்சீட்டில் உட்காருவார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியக் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. கம்பெனி அவரை ட்ரெயினிங்குக்கு சியோல் அனுப்பியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வட கொரிய எல்லையைப் பார்த்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து எந்த ஊர் எல்லையும் அவருக்கு லேசாகத்தான் தெரியும்.

முதல் எல்லையை எல்லோரும் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவீர்கள். அது கந்தர்வக்கோட்டைக்கும் ஆதனக்கோட்டைக்கும் நடுவில் இருந்தது. கந்தர்வக்கோட்டை ஜமீன் வெள்ளைக்காரனின் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆதனக்கோட்டை தொண்டைமானின் புதுக்கோட்டை சமஸ்தானம். அந்தப் பக்கம் அம்மன் காசு புழங்கியது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் கோடு போயிற்று. இன்று ஆதனக்கோட்டையில் சாலையோரம் வறுத்த முந்திரி விற்கிறார்கள். வாங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். போகிற நேரத்தில் கடை திறந்திருக்காது, வருகிற நேரத்தில் மூடியிருப்பார்கள்.

1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனபோது கந்தர்வக்கோட்டை தஞ்சாவூரை விட்டு இந்தப் பக்கம் வந்தது. அதே வருடம் ஜூன் மாதம் கொழும்பும் டெல்லியும் கையெழுத்துப் போட்டதில் கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. ஒரே வருடத்தில் ஒரு வரவு, ஒரு செலவு.

திருமயம் கோட்டை இருட்டில் பின்னால் போகும்போது மாப்பிள்ளை தொடங்குவார். வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் நடுவே 4 கிலோமீட்டர் அகலம், ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளத்துக்குப் படை நுழையாப் பகுதி. பாலத்தருகே சிப்பாய் பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் பார்ப்பான். பன்முன்ஜோம் வரைக்கும் போகிற டூர் என்றால், செத்தாலும் அடிபட்டாலும் நாங்கள் பொறுப்பில்லை என்கிற மாதிரி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கிழிந்த ஜீன்ஸ் கூடாது, அந்தப் பக்கம் விரலை நீட்டக் கூடாது. டோரா மலையில் ஏறி பைனாகுலரில் வட கொரியாவைப் பார்க்கலாம். தெற்கே கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்தில் கொடிக்கம்பம் நட்டதும், வடக்கே 160 மீட்டரில் ஒன்றை நட்டுவிட்டார்கள். டோராசன் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பியோங்யாங் 205 கிலோமீட்டர் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், போக ரயில்தான் கிடையாது.

இதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. சுரங்கத்துக்கு வரும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். அங்கே அவர் குரல் உயரும். தெற்கே படை அனுப்புவதற்காக வடக்கே இருப்பவர்கள் பாறையைக் குடைந்து 1,635 மீட்டர் நீளத்துக்குத் தோண்டிய சுரங்கம், 1978-ல் கண்டுபிடித்தார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டதும், நிலக்கரி வெட்டினோம் என்று சொல்லிச் சுவரில் கரியைப் பூசிவைத்தார்களாம். அங்கே இருப்பதெல்லாம் கருங்கல்.

“தரைக்குக் கீழ 73 மீட்டர் மாமா! ஹெல்மெட் போட்டுக்கிட்டு குனிஞ்சே போனோம்.”

“73 மீட்டர்னா 240 அடி மாப்ளே. எங்க கொல்லையில போட்ட போர் அதைவிட ஆழம். தண்ணிதான் வரல.”

சித்தப்பாவை அழைத்து வந்ததன் முதல் பலன் இது. அப்படியும் மாப்பிள்ளை ஓயவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. “உங்க பஸ் முன்சான் வழியாத்தானே போச்சு?” என்று மெதுவாகக் கேளுங்கள். ஆமாம் என்பார். கொரியப் போர் நடந்த 1951 மார்ச்சில், அந்த முன்சானில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து பாராசூட்டில் குதித்த இந்திய மருத்துவக் குழுவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். அவருடைய 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் அதற்கு முந்தின டிசம்பரில் பியோங்யாங்கில் இருந்தது. சீனப்படை நெருங்குகிறது, சாமான்களைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று உத்தரவு வந்தது. மருந்தையும் ஆபரேஷன் கருவிகளையும் விட்டுவிட்டு வந்த டாக்டர் யாருக்கு உபயோகம்? கேட்பாரற்று நின்ற ஒரு நீராவி எஞ்சினைப் பிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பி, சாமான்களோடு தெற்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. சண்டை நின்றபின், ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் காவல் காக்கும் வேலையும் ஜெனரல் திம்மையா தலைமையில் போன இந்தியர்கள் தலையில்தான் விழுந்தது. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம் என்ற 88 பேரை 1954-ல் கப்பலேற்றி நம் சென்னையில் கொண்டுவந்து இறக்கினார்கள். இத்தனையும் சொல்லி முடிக்கும்போது தேவகோட்டை தாண்டியிருக்கும். மாப்பிள்ளை செல்போனில் ரங்கராஜ் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். கைடு இதைச் சொல்லவே இல்லையே என்பார். கைடுகள் அப்படித்தான்.

மண்டபம் வந்ததும் டிரைவரிடம் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அப்பத்தா பேச வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர்களை நிறுத்திவைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்து அனுப்புவதற்காக ஏற்பட்டதுதான் மண்டபம் கேம்ப். நம் பக்கத்தில் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் ஏராளம். “எங்கப்பன இங்கதான்டா ஊசி குத்தி, கட்டியிருந்த துணிய அவிச்சுக் குடுத்து அனுப்புனாங்களாம்” என்பார் அப்பத்தா. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். 1983-க்குப் பிறகு, குண்டுக்குப் பயந்து வந்தவர்களை அதே மண்டபம் கேம்பில் தங்கவைத்தார்கள். இது எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லை, உள்ளே போகவும் விடமாட்டார்கள். வேனை நிறுத்தாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவதுதான் மரியாதை.

பாம்பன் பாலத்தில் இறங்கிப் படம் எடுக்காதவர் தமிழ்நாட்டில் கிடையாது. போலீஸ்காரர் விசில் ஊதும்வரை எடுங்கள். 1914-ன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் பக்கத்தில் நிற்கிறது. நடுத்தட்டு அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். நீங்கள் போகிற நேரத்தில் எழும்பாது.

தனுஷ்கோடியில் கைடு அவசியமில்லை. ஆனாலும் இடிந்த சர்ச்சின் பக்கத்தில் அவரே உங்களைத் தேடி வருவார். சொல்வதில் பெரும்பகுதி சரியாகவே இருக்கும். இங்கே ரயில் நின்றது, இங்கே கஸ்டம்ஸ், இங்கே போஸ்டாபீஸ். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் கொழும்புக்கு ஒரே டிக்கெட். இங்கே இறங்கிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்று காட்டுவார். அதையும் குடித்துப் பாருங்கள், உண்மைதான். பாசிமணி மாலை வாங்கச் சொல்வார். அது உங்கள் இஷ்டம்.

பிறகு புயலுக்கு வருவார். 1964 டிசம்பர் 22 ராத்திரி. இந்த இடத்தில் சித்தப்பா குறுக்கே புகுந்து, “நாங்க பார்க்காத புயலா? 2018 நவம்பர் 16. கடலுக்கும் எங்க ஊருக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு தென்ன நிக்கலப்பா” என்று ஆரம்பித்து, நிவாரணக் கணக்கெடுப்பில் தன் தோப்பு விட்டுப்போனது வரை சொல்லி முடிப்பார். கைடு கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைப் பற்றிப் பேச்சு வரும்போது சித்தப்பாவைக் கையமர்த்துங்கள். நூறு பேருக்கு மேல் இருந்த வண்டி அப்படியே கடலோடு போனது. ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த இடத்தில் நின்று வாயைக் குவித்து செல்ஃபி எடுப்பவர்களை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. திட்டிவிட்டுப் போகலாம்.

அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. 2017 ஜூலை 27 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொரியாவில் சண்டை நிறுத்தம் கையெழுத்தானதும் ஒரு ஜூலை 27-தான், 1953-ல். இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அடங்கியவர் மறுபடி எழுந்துவிடுவார். சாலை முடிகிற இடத்தில் வட்டம், நடுவே சிங்கமுகத் தூண். ஒரு பக்கம் வங்கக்கடல் அமைதியாக, மறுபக்கம் மன்னார் வளைகுடா சீறிக்கொண்டு.

இனிமேல்தான் எல்லை பார்க்கிற வேலை. செய்முறை எளிது. கிழக்கே திரும்பி நின்று கண்ணைச் சுருக்குங்கள். தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை என்று கைடு கையை நீட்டுவார் (இங்கே விரல் நீட்டத் தடை இல்லை). “எங்கே?” என்பான் பையன். அதோ. “எங்கே?” அதோ தெரியுதே அலை, அதுக்கு அந்தப் பக்கம். “கோடு எங்கே?” இந்தக் கேள்விக்குக் கொரியாவில் கம்பிவேலியைக் காட்டலாம். இங்கே காட்ட ஒன்றுமே இல்லை. இத்தனை பேர் வந்து ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்புவது சிதம்பரத்தை விட்டால் இங்கேதான் என்று நினைக்கிறேன். எல்லை வந்துவிட்டது என்பதற்குக் கிடைக்கும் ஒரே அத்தாட்சி, இலங்கை உங்களை வரவேற்கிறது என்று செல்போனில் வரும் குறுஞ்செய்தி. அதற்குள் ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

அலைக்கு நடுவில் தெரியும் மணல் திட்டுகளைப் பற்றிக் கைடு ராமர் கதை சொல்வார். 2022 மார்ச் முதல் நடந்ததைச் சொல்லமாட்டார், கேட்டால் சொல்வார். இலங்கையில் பாலுக்கும் எரிவாயுவுக்கும் வழியில்லாமல் போனபோது, நகையை விற்றுப் படகுக்காரனுக்குக் கொடுத்து வந்த குடும்பங்களை அந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிப் போய்விட்டது. கைக்குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்திருந்தவர்களைக் கடலோரக் காவல்படை வந்து ஏற்றிக்கொண்டு போனது. எங்கே கொண்டுபோனார்கள் என்றால், மண்டபத்துக்குத்தான்.

திரும்பும்போது வந்த வழியில் வராதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, மீமிசல் வழியாக வந்து ஜெகதாப்பட்டினத்தில் டீக்கு நிறுத்துங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்பதே வேனில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியவரும். மீன் விலை கேளுங்கள். எல்லை எங்கே என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதீர்கள். அங்கே யாரும் கண்ணைச் சுருக்கமாட்டார்கள். ஜிபிஎஸ் கருவியில் எந்த எண் வந்தால் வலையைச் சுருட்ட வேண்டும் என்று சின்னப் பையன்கூடச் சொல்வான். மீன் அந்த எண்ணுக்கு அந்தப் பக்கம் கிடக்கும். போனால் இலங்கைக் கடற்படை, ஊர்காவற்றுறை கோர்ட்டு, யாழ்ப்பாணம் ஜெயில். ஆள் திரும்பி வந்தாலும் விசைப்படகு திரும்புவது நிச்சயமில்லை. 2018-ல் அங்கே அபராதத்தையும் பலமடங்கு ஏற்றிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து மீனவரைக் கேட்டால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: நம் விசைப்படகின் இழுவைமடி அவர் வலையை அறுத்து, கடலடியையும் வழித்துக்கொண்டு போகிறது, அந்த மடியை அவர்கள் நாட்டில் 2017-லேயே தடை செய்தாயிற்று. அவரும் தமிழில்தான் திட்டுகிறார். டீக்கடை பெஞ்சில் இதைத் தீர்த்துவைக்க மாப்பிள்ளை ஒரு யோசனை சொல்லத் தொடங்கினால், டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறுங்கள்.

அறந்தாங்கி வருவதற்குள் பையன் தூங்கிவிடுவான். “கச்சத்தீவ மட்டும் பாத்தாச்சுன்னா போதும்” என்று அப்பத்தா தொடங்குவார். முடியும். வருடா வருடம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகு விடுகிறார்கள். முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், ஆளையும் பையையும் சோதிப்பார்கள், ஒரு ராத்திரி தங்க வேண்டும். 285 ஏக்கர் தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, கேனில் கொண்டுபோங்கள். பெயர் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் பெயரை முதலில் கொடுங்கள். 1974 ஒப்பந்தப்படி அங்கே போகும் பக்தருக்கு விசா வேண்டாம். அவருடைய பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த அந்தத் தீவில் ஆளே இருக்கமாட்டார்கள்.