கட்டி வந்ததைப் பிரிக்கும் கலை

ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் கிட்டைக் கட்டும் வேலை, ஏற்கெனவே கட்டி வந்ததைப் பிரிப்பதில் தொடங்குகிறது. ரோட்டர் தலையும் வால் பெட்டியும் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு, பளபளவென்று தனித்தனிப் பையில் வரும். கையேடு அவற்றின் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஓரத்தில் எறும்பு எழுத்தில், திருகுகளில் த்ரெட்லாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லும். பெரும்பாலும் இருக்காது. பின் எதற்காகப் பூட்டினார்கள்? பைக்குள் உருளாமல் இருக்கத்தான் என்றால் ஒரு ரப்பர் பேண்ட் போதுமே.

த்ரெட்லாக், உலோகத்துக்குள் உலோகம் ஏறும் மரைகளுக்கான பசை. காற்றுப் புகாத இடுக்கில்தான் இறுகும். 325 மி.மீ. பிளேடு கொண்ட 450 ரகத்தில் ரோட்டர் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டும். அந்த அதிர்வில் பசையில்லாத திருகு தானாகக் கழன்றுகொள்ளும். நீலப் பசையைப் பிறகு கழற்றலாம். சிவப்புக்குச் சூடு காட்ட வேண்டும். குண்டூசித் தலையளவு போதும். குப்பியோ அழுத்தினால் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவர் போல ஊற்றும். மிஞ்சியது பேரிங்கில் கசிந்தால் அது இனிச் சுழலாது. சில பிளாஸ்டிக்குகளில் பட்டால் விரிசல் விடும். மரையில் எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு திருகையும் கழற்றி, ஸ்பிரிட்டில் துடைத்து, தடவி, மறுபடி பூட்ட வேண்டும். அதாவது, கழன்றால். அண்மையில் வந்த ஒரு கிட்டில் தலையின் இடப்பக்கத் திருகு விரலாலேயே கழன்று வந்தது. வலப்பக்கத்துக்கு இரண்டு திருகுக்கான பசையையும் சேர்த்தே தடவியிருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊழியர் என்று பிரித்துக்கொண்டார்கள் போலும். கிட்டோடு வரும் 1.5 மி.மீ. ஆலன் கீயைப் போட்டுத் திருகினால், அறுகோணக் குழி வழவழவென்று வட்டமாகிவிடும். நல்ல எஃகுச் சாவியைத் தனியாக வாங்கி, சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் சற்று நேரம் வைத்துப் பசையை இளக்கிய பின்னரே திருக வேண்டும். கிட்டின் விலையில் இந்தச் சாவி சேராது, அயர்ன் சேராது, கட்டுபவரின் ஞாயிற்றுக்கிழமையும் சேராது.

அடுத்து, பிளேடு பிடியிலுள்ள த்ரஸ்ட் பேரிங். அதன் இரு வளையங்களில் துளை பெரியது ரோட்டர் மையத்தைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தண்டில் மாட்டினால் பெரியது தளர்ந்து ஆடும். நடுவே கிரீஸ்.

பிறகு பல்சக்கரங்கள். மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியனுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையே காகிதத் துண்டை வைத்து மோட்டாரை நெருக்கிப் பூட்டி, பின் காகிதத்தை உருவிவிட்டால் சரியான இடைவெளி கிடைக்கும். வால் பெல்ட்டைத் தவறான திசையில் முறுக்கினால் வால் ரோட்டர் எதிர்த்திசையில் சுழலும்.

பிளேடுகளின் கோணத்தை மாற்றும் செர்வோக்களை அமைக்கும்போது மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். செர்வோ கை தன் இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாகவும், அது ஆட்டும் ஸ்வாஷ்பிளேட் தட்டு மட்டமாகவும், ரிமோட்டின் குச்சி நடுவில் இருக்கையில் பிட்ச், அதாவது பிளேடின் கோணம், சுழியாகவும் இருக்க வேண்டும். கடைசியில் பிளேடு போல்ட்: ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு தன் எடையால் மடங்கக் கூடாது, லேசாகக் குலுக்கினால் மடங்க வேண்டும். எவ்வளவு லேசாக என்று மேற்படி கிட்டின் கையேடு சொல்லவில்லை.